அக்கா வயலுக்கு அடியில் ஓடிய குழாய்

நான் பொய் சொன்னேன். குழாய் அரித்துப்போயிருந்ததை இந்தக் கண்ணால் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அந்தக் குழாய் என் அக்காவின் வயலுக்கு அடியில் ஓடியது.

இதோ, சொல்லிவிட்டேன்! இத்தனை வருடம் தொண்டையில் முள்ளாக நின்றதைச் சொல்ல இரண்டு மூச்சுக்கூட ஆகவில்லை. மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டிருக்கிறேன். கோபப்பட்டேன், குடித்தேன், பூசைக்குப் போகவில்லை என்று சில்லறைப் பாவங்களை அடுக்கியிருக்கிறேன். இதை மட்டும் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ... அதனால்தான் வாய் வருகிறது.

என் வேலையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். பூமிக்கடியில் எண்ணெய் போகும் குழாயைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, அதற்குள் ஒரு சின்ன வண்டியை அனுப்புவோம். நாலு சக்கரம், முன்னால் விளக்கு, காமிரா, பின்னால் நீளமான கேபிள். குழாய்ச் சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று உள்ளேயிருந்தே அளந்து காட்டும். வளைவு நெளிவு அதிகமாகி வேறெந்தக் கருவியும் நுழைய முடியாத இடங்களுக்கு அதுதான் கதி. நான் மேலே பந்தல் நிழலில் திரை முன் உட்கார்ந்து அதை ஓட்டுவேன். மஸ்கட்டில் கற்றுக்கொண்ட தொழில். அங்கே ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியிருந்தபோது, கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் பக்கத்துக் குழாயையே பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஊரில் அதற்கு ‘எலி வண்டி’ என்று பேர் வைத்தார்கள். எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்!

மார்கழி மாதம். வண்டி அக்கா வயலுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தது. திரையில், குழாயின் அடிப்பக்கம் முழுக்கக் குழி குழியாகத் துரு. அளவைப் பார்த்தேன். சுவர் பாதிகூட மிச்சமில்லை.

அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? நான் சொன்ன மறுநாளே பொக்லைன் இறங்கும். வயலை நடுவில் பிளந்து குழாயை மாற்றுவார்கள். மேலேயோ சம்பா நெல்... கதிர் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் வேறு சீமைக்காரராக இருந்தால் சிரிப்பீர்கள். எங்கள் பக்கத்தில் பால் பிடித்த பயிரில் யாரும் மண்வெட்டி வைக்க மாட்டார்கள். வரப்புத் தகராறில் அடித்துக்கொள்கிறவன்கூட, அறுப்பு முடியட்டும் என்று காத்திருப்பான். பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றுக்கு நேரே கை ஓங்குவதற்குச் சமம் அது. அதுவும், மேட்டூர் திறக்காமல் இரண்டு சம்பா கருகிய பிறகு வந்த பயிர்!

சகாயமேரி அக்கா டீ கொண்டுவந்தாள்.

“தம்பி, உள்ள ஏதும் கோளாறு இல்லையே? பொக்லைன் வரும்னு பேசிக்கிறாங்க... கதிரப் பாருடா, நசுக்குனா பால் கசியுது!”

“ஒண்ணும் இல்லக்கா. நீ போ.”

பக்கத்தில் நின்ற இளம் இன்ஜினியர் திரையை எட்டிப் பார்த்தார். “என்னண்ணே இது, அடியில கறுப்பா?”

“எண்ணெய்க் கசடு சார். அது மேல பட்டுத்தான் அளவு தப்பாக் காட்டுது.”

“வெளிநாட்டுல பார்த்தவரு... நீங்க சொன்னா சரிதாண்ணே” என்று போய்விட்டார்.

அறுப்பு முடியட்டும், அதன்பின் ஒருமுறை வண்டியை விட்டு, இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லிவிடலாம்... இதுதான் என் கணக்கு. கெட்ட எண்ணம் எதுவும் இல்லையே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அறுப்பு வந்தது. களம் நிறைந்தது. அக்கா முதல் கதிரைக் கோவில் பீடத்தில் வைத்துவிட்டு வந்து, என் கன்னத்தைத் தடவினாள். அப்போதாவது சொன்னேனா? இல்லை! மஸ்கட்டிலிருந்து மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். இப்போது வாயைத் திறந்தால், முதலில் ஏன் மறைத்தாய் என்பார்கள். பிறகு எவன் வேலை தருவான்? விமானம் ஏறிவிட்டேன். பயிருக்காகப் பொய் சொன்னேன் என்பது அறுப்போடு முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்காகத்தான்.

அடுத்த ஐப்பசி அடைமழையில் குழாய் உடைத்துக்கொண்டது. நட்டு நாளாகாத பயிரின் மேல் எண்ணெய் மிதந்தது. அக்கா வீட்டுக்காரர் அற்புதராஜ் மாமா, அது அடுத்தவர் வயலுக்குப் போய்விடக் கூடாதென்று வெறுங்கையால் சேற்றை அள்ளி மடையை அடைத்தாராம். கையும் காலும் கொப்புளித்துப்போயின. பக்கத்து வயல்கள் பிழைத்தன. அவர் நிலம் செத்தது.

அதோடு விட்டதா? கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். “போன மார்கழியிலதான் உள்ள வண்டி விட்டுப் பார்த்தோம். குழாய் நல்லா இருந்துச்சு. நீதான் மேல டிராக்டர ஏத்தி உடைச்சிருக்க” என்றார்கள். நல்லா இருந்தது என்று யார் சொன்னது? நான்! என் வார்த்தையை எடுத்து என் மாமாவின் தலையில் போட்டார்கள். சேறடிக்க எல்லாரும் டிராக்டர் இறக்குகிற ஊரில் அவர் ஒருவர் மட்டும் குற்றவாளி ஆனார். போலீஸ் ஸ்டேஷன், வழக்கு, வாய்தா...

அக்கா போனில் அழுவாள். குழாய் அப்போதே கெட்டிருந்தது என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை போதும்! அதைச் சொல்லாமல், “நல்ல வக்கீலாப் பாருக்கா” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அவன்.

நிலம் எழவேயில்லை. விதைத்ததெல்லாம் முளைத்து மஞ்சளாகி மடிந்தது. இருவரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அக்கா பனியன் கம்பெனியில், தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டுகிறாள். மாமா ஒரு மில்லில் வாட்ச்மேன்.

போன கிறிஸ்துமஸ் லீவில் அங்கே போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு மாமாவும் நானும் வாசலில் நின்றோம். அவர் கைத் தோல் இன்னும் பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை. திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, அன்னிக்கு உன் மெஷின்ல ஏதாச்சும் தெரிஞ்சிருந்தா நீ சொல்லாம இருப்பியா? நல்லாருக்குன்னுதானே சொன்ன. அப்ப நான்தான்யா... சேறு நல்லா மசியட்டும்னு அந்த எடத்துல டிராக்டர இன்னும் ரெண்டு சுத்து விடச் சொன்னேன். பேராச! நான்தான் உடைச்சிருக்கேன். உன் அக்காவ இந்த ஊர்ல பிசிர் வெட்ட வச்சது நான்தான். அவகிட்ட சொல்ல தைரியம் வரல. உன்கிட்டயாச்சும் சொல்லணும்னு...”

அழுதார். வயதான மனிதர், தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, உள்ளே பாத்திரம் கழுவுகிறவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் அழுதார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது...

“விடுங்க மாமா” என்றேன். “தெரியாமப் பண்ணுனதுதானே! அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன்.”

அவர் என் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.