அம்மா மிதித்த சுத்தியல்

இன்று எங்கள் திருத்துறைப்பூண்டிப் பட்டறையில், பழுத்த இரும்பை எண்ணெயில் முக்கியபோது எழுந்த வாடையில் அம்மா நினைவுக்கு வந்தாள்.

பட்டறை அப்பா தொடங்கியது. நான் ஐந்தாவது படிக்கையில் அவருடைய வலது கை, பெடலை மிதித்தால் இரும்பை அடிக்கும் மின்சாரச் சுத்தியலான பவர் ஹேமரில் நசுங்கிவிட்டது. உழவுக் காலம். கலப்பைக் கொழு கேட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"பட்டறைய வித்துடலாம்," என்றார் அப்பா.

"இடது கையால இடுக்கியப் புடிச்சு இரும்பத் திருப்புறத மட்டும் பாருங்க. பெடல நான் மிதிக்கிறேன்," என்றாள் அம்மா.

அந்தக் கை தேறவேயில்லை. பட்டறை என்னிடம் வரும்வரை அம்மாதான் மிதித்தாள். ஒரு மாலை அவளுடைய வீங்கிய காலைப் பார்த்து அப்பா, "வலிக்குதா?" என்றார்.

"கேக்காதீங்க. கேட்டா உக்காந்துடுவேன்."

இருவரும் போய்விட்டார்கள். இப்போது அதே பெடலை மிதித்து என் முழங்கால் வலிக்கிறது. கேட்க யாருமில்லை. நானே ஹேமரின் சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.