கிராணி வீட்டில் ஒரு டின் கோப்பி

ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் இருக்கும் பழைய கிராணி வீடு கோப்பிக் கடையாகிவிட்டது என்று அப்பாவிடம் கைப்பேசியில் படம் காட்டினேன். "உள்ள எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல லா," என்றார். தாம் உழைத்த ரப்பர் தோட்டம் விலைபோன பிறகு, அந்த வீட்டுப் பூந்தோட்டத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்தவர். எனக்குச் சுருக்கென்றது. முன்வாசல் வழியாகக் கூட்டிப்போய், விருந்தாளியாக உட்காரவைத்துக் கோப்பி வாங்கித் தருவதென்று பள்ளி விடுமுறையில் கிளம்பினோம்.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போ ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். காலை ஏழுக்குப் புறப்பட்டு, தாப்பாவில் தோசை சாப்பிட்டு (இருவருக்கும் பதினான்கு ரிங்கிட்), சிம்பாங் பூலாய் வழியாகப் பத்தரைக்குச் சேர்ந்தோம்.

வீட்டின் வரலாற்றை வாசலில் பலகையாக மாட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர் ஓய்வுபெற்றதும் கட்டியது. தரை ஓடு, படிக்கட்டு மரம் என்று ஒன்றையும் விடவில்லை. பூந்தோட்டம் மட்டும் 'வீட்டு அம்மாவின் கைவண்ணம்'. அந்த அம்மா கையைக் காட்டினார், குழி தோண்டியது அப்பா. நல்லவேளை, அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

பழக்கதோஷத்தில் பின்கேட்டுக்கு நடந்தவரைப் பிடித்து இழுத்து வந்தேன். படியிலேயே செருப்பைக் கழற்றினார். மற்றவர்கள் சப்பாத்தோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, விட்டத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். வந்த காரியம் பலித்தது என்று நினைத்தேன்.

அப்போது கோப்பி வந்தது. பழைய பால் டின்னில், கம்பிக் கைப்பிடி போட்டு. விலை பன்னிரண்டு ரிங்கிட்.

அப்பாவின் சிரிப்பு நின்றுபோனது. சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். வீட்டாருக்குப் பீங்கான் கோப்பை. தோட்டக்காரருக்குப் பின்பக்கக் குழாயடியில் ஒரு பால் டின். குடித்ததும் அவரே கழுவிச் சுவர்மேல் கவிழ்த்துவிட வேண்டும்.

"தங்கச்சி, வேற கிளாஸ் இருக்கா?" என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன்.

"டின்னுலதான் குடிக்கணும்க்கா! அந்தக் கால ஸ்டைல் லா. இதுக்குத்தானே கூட்டமே வருது."

யாருடைய காலம் என்று கேட்க நாக்கு துடித்தது. அதற்குள் அப்பா டின்னோடு எழுந்துவிட்டார். பின்கதவு வழியாகப் போய், தாம் நட்ட ரம்புத்தான் மரத்தடியில் குந்திக் குடித்தார். குழாயில் டின்னைக் கழுவினார். சுவர்மேல் கவிழ்த்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"ஏம்ப்பா வெளிய வந்தீங்க?"

"டின்னு கைக்கு வந்துச்சா, காலு தானா வந்துருச்சி லா," என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "கோப்பி நல்லாத்தான் இருக்கு. அப்பல்லாம் சீனி போட மாட்டாங்க."

காருக்குள் வந்து அழுதேன். ஆத்திரத்தில்தான்.

போக நினைப்பவர்களுக்கு: திங்கட்கிழமை கடை இல்லை. வண்டி நிறுத்த இடம் தாராளம். பூந்தோட்டம் காலையில் அழகு, பராமரிப்பு மட்டம். உங்கள் வீட்டில் தோட்டத்து ஆள் யாராவது இருந்து கூட்டிப்போவதானால், கையோடு ஒரு பீங்கான் கோப்பை எடுத்துப் போங்கள்.