சங்கத்துக் கோட்டும் நீலக் கடிதவுறையும்

மன்னார்ப் பட்டினத்து ஆங்கிலப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் 1938இல் வெளியிட்ட மலரின் பதினோராம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "திரு. யா. பஸ்ரியன் அவர்கள் எமது பாடசாலை ஈன்ற கல்விமான். மென்மையான பேச்சும் பதறாத நிதானமும் வாய்ந்தவர். சங்கத்தின் கண்ணியத்தைத் தன் கண்போலக் காத்தவர்."

கல்விமான் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நின்றவர் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. தலைமை ஆசிரியரின் கதிரையில் ஒரு கழுதையை இருத்தப் பார்த்ததற்காக நிறுத்தப்பட்டவர். கழுதை மறுத்துவிட்டது. மென்மையான பேச்சு எப்படிப்பட்டதென்றால், பட்டினத்துக் கடைத்தெருவில் அவர் நூல் கேட்டால் தூரத்துக் கீரிக் கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

தொழில் தையல். சங்கத்துக்குள் அவரைக் கொண்டுவந்தது ஒரு கறுப்புக் கோட்டு. ஆறடி உயரத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதைத் தைக்கக் கொடுத்துவிட்டு, கடைசிப் பொத்தான் வைக்குமுன்பே வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஊரில் அதற்குள் நிறையக்கூடிய மனிதர் எவரும் இல்லை. பஸ்ரியன் அதைச் சங்கத்துக்குத் தானம் செய்தார். அங்கத்தவரல்லாதவரிடம் தானம் வாங்கச் சங்கச் சட்டத்தில் இடமில்லை. "இப்பாடசாலையில் பயின்றவர்" அங்கத்தவராகலாம் என்று மட்டும் சட்டம் சொன்னது. எவ்வளவு காலம், எப்படி வெளியேறினார் என்றெல்லாம் கேட்கவில்லை. அங்கத்தவராக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து வழக்கம் ஒன்று வந்தது. பெரிய சோதனை பாஸ் பண்ணினவருக்கு மாலை போட்டு, அந்தக் கோட்டை மாட்டி, படம் பிடித்து மண்டபச் சுவரில் தொங்கவிடுவார்கள். சுவரில் ஒன்பது படங்கள். ஒன்பது தலை, ஒரே உடம்பு. மிச்சத் துணியை முதுகுப் பக்கம் சுருட்டி இருபது குண்டூசி குத்துவது பஸ்ரியனின் பொறுப்பு. ஆகவே பாராட்டப்பட்டவர்கள் சபைக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்தே மேடையை விட்டு இறங்குவார்கள். புதிதாக வந்தவர்கள் அதைப் பணிவு என்று நினைத்தார்கள்.

1937இல் ஒரு சனிக்கிழமை பத்தாவது தலை வந்தது. தோட்டவெளி ஜவாஹிர், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தவர். சோதனைக்குப் படித்துப் படித்து நெஞ்சு உள்ளே போயிருந்தது. முதுகில் எத்தனை ஊசி குத்தியும் முன்பக்கம் காற்றில்லாத தோணிப் பாய்போலத் தொங்கியது. படக்காரர் அவசரப்படுத்தினார். பஸ்ரியன் பக்கத்து மேசையில் கிடந்த தடித்த நீலக் கடிதவுறையை எடுத்து உட்பைக்குள் திணித்து, நழுவாமல் பையின் வாயையும் தைத்துவிட்டார். ஜவாஹிருக்கு நெஞ்சு வந்தது.

கோட்டு மண்டபத்தை விட்டுப் போகக்கூடாது. ஆனால் ஜவாஹிரின் உம்மா சரீபா ஆசைப்பட்டதால் மாலைவரை இரவல் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் அவர் வண்டியேறிப் போய் ஒரு மணித்தியாலம் கழிந்தபின் காரியதரிசி கதிர்காமு மேசையைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார்.

"பஸ்ரியன், இதிலை கிடந்த நீலக் கடிதம் எங்கை? றோஸ்மேரியின்ரை சோதனை விண்ணப்பம். தலைவர் இண்டைக்குத்தான் கையெழுத்து வைச்சவர். அஞ்சு மணிக்குத் தபால் பை கட்டீடுவாங்கள். திங்கட்கிழமை கொழும்பிலை இருக்கவேணும்!"

பஸ்ரியன் குண்டூசிப் பெட்டியை மூடினார். "நீலமோ? அது ஜவாஹிரின்ரை நெஞ்சிலையெல்லோ கிடக்கு."

கீரி அருளம்மாவின் மகள் றோஸ்மேரி வாசலில்தான் நின்றாள். இந்த வருடம் மட்டும்தான் படிப்பு, தவறினால் கலியாணம் என்று தாய் முடிவாகச் சொல்லியிருந்தாள்.

"பாஸ் பண்ணினவருக்கு என்ரை விண்ணப்பம் எதுக்கு, பஸ்ரியன் மாமா? இன்னொருக்கா எழுதப்போறாரோ?" என்றாள். குரலில் பகிடி இருந்தது, கண்ணில் இல்லை.

பஸ்ரியன் சைக்கிளில் ஏறினார். தோட்டவெளி போய்ச் சேர நாலு மணி. வீட்டில் ஜவாஹிர் சுவரோடு முதுகை ஒட்டி, அசையாமல் கதிரையில் இருந்தார். எதிரே அரிப்பு ஊரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்த வியாபாரி கலந்தர்.

"தம்பி, ஒருக்கா எழும்புங்கோ," என்று பஸ்ரியன் அவர் காதுக்குள் விசயத்தைச் சொன்னார்.

"அண்ணை, அல்லாவுக்காக இப்ப வேண்டாம். கலந்தர் மாமா போகட்டும்."

"எப்ப போவார்?"

"சாப்பிட்டிட்டு."

அடுப்பில் ஆட்டிறைச்சி பாதி வேக்காட்டில் இருந்தது. பஸ்ரியன் யோசித்தார். கடிதத்தை இழுத்தெடுத்தால் ஜவாஹிரின் மானம் போகும். சுவரிலுள்ள ஒன்பது பேரின் மானமும் கூடவே போகும். தன்னைக் கல்விமானாக்கிய ஒரே துணியும் போகும். விட்டால் அந்தப் பிள்ளையின் வருடம் போகும்.

சரீபா சர்பத்தோடு வந்தார். "என்ன தம்பி, மகன்ரை காதுக்கை குசுகுசுப்பு?"

பஸ்ரியனுக்குக் குசுகுசுப்பு எப்போதுமே நீண்ட நேரம் வந்ததில்லை. "சரீபா அக்கா, இந்தக் கோட்டுக்கை ஒரு பிள்ளையின்ரை சோதனை கிடக்கு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தி, ஜவாஹிரைக் கையில் பிடித்துத் தூக்கினார். முதுகு ஊசிகள் தெறித்தன. கோட்டு கூடாரமாக விரிந்தது. பஸ்ரியன் இடுப்பிலிருந்த கத்தரிக்கோலால் பையை வெட்டி நீலக் கடிதத்தை உருவினார். ஜவாஹிரின் நெஞ்சு பழைய இடத்துக்குப் போயிற்று.

கலந்தர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"பரவாயில்லை. கலியாண உடுப்புக்குத் துணி பாதிதான் போகும்," என்றார்.

சிரிப்பு ஓய்வதற்குள் பஸ்ரியன் ஒழுங்கையைத் தாண்டிவிட்டார்.

ஜவாஹிருக்கு அந்தக் கலியாணமே நடந்தது. சங்கமோ "உத்தியோக உடையின் உள்நிலைமையைப் பகிரங்கப்படுத்திய" குற்றத்துக்காகப் பஸ்ரியனை ஆறு மாதம் விலக்கி வைத்தது. மலரில் வந்த வாசகம் காலஞ்சென்ற தலைமை ஆசிரியர் ஒருவருக்காக எழுதியது. கதிர்காமு எல்லாருக்கும் அதையே பெயர் மாற்றிப் போட்டார். சுவரில் பதினோராவது படம் றோஸ்மேரியுடையது. கோட்டில்லாமல், சேலையோடு நிற்கிறாள்.

பஸ்ரியன் செய்தது இவ்வளவுதான்: தான் தவறுதலாகத் தைத்து மூடிய விண்ணப்பத்தை வெட்டி எடுத்து, தோட்டவெளியிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்து, ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் மன்னார்த் தபால் கந்தோரில் கொடுத்தார்.