மலைப்பாதைக்கு நாலு ரயர்

மனைவி போனபின் வந்த முதல் மார்கழி அது. மகள் கல்யாணம் முடித்து ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். விடுமுறைக்கு வரட்டுமா என்று நான் அவளிடம் கேட்கவில்லை; எங்கள் ஆட்கள் அப்படி நேரே கேட்பதில்லை. அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். பாதை சரியில்லை, ஒரே பனி, உங்கள் வண்டி ஏறாது என்றாள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இதன் பொருள் விளங்கியிருக்க வேண்டும். வராதே என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. பாதை, மழை, பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனை என்று எதையாவது குறுக்கே போடுவோம்; கேட்டவர் விளங்கிக்கொண்டு பேச்சை மாற்றுவார். ஆனால் நான் பிரெஞ்சு அலுவலகம் ஒன்றில் கோப்புப் பார்த்து ஓய்வுபெற்றவன். அங்கே மறுத்தால் காரணம் எழுத வேண்டும். காரணத்தை நீக்கிவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். பரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் பலருடைய விண்ணப்ப மறுப்புகளை அப்படித்தான் இன்றைக்கும் வென்று கொடுக்கிறேன். மகளின் விடையையும் ஒரு குறையுள்ள கோப்பாகவே எடுத்துக்கொண்டேன். குறை, வண்டிச் சில்லின் ரயர்.

என்னுடையது பழைய டீசல் பிக்கப். அங்கே ரூ பெர்தொனே தெருவில் மரக்கறிக் கடையை மூடியவரிடம் வாங்கியது. பரிஸ் நகரின் புகை விதிகளுக்கு ஒவ்வாததால் புறநகரான லெ பிளாங்-மெனிலில் ஒரு தமிழரின் கராஜ் முற்றத்தில் நிற்கிறது. அவர் பெரிய ரப்பர்க் கட்டைகள் வைத்த, எந்த நிலத்திலும் ஓடும் ரயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பன்றி மாதிரி ஏறும் என்றார்.

நான் அதன் பக்கச் சுவரைப் பார்த்தேன். சேறு, பனி என்பதைக் குறிக்கும் எழுத்துகள் மட்டும் இருந்தன. மலை மாவட்டங்களில் குளிர்காலச் சட்டத்துக்கு இப்போது அது போதாது. மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனிப்பூப் படம் வேண்டும். பெரிய கட்டை சேற்றைக் கடிக்கும், குளிரில் ரப்பர் இறுகினால் பனிக்கட்டியில் வழுக்கும். மெல்லிய கீறல்கள் இருந்தால்தான் பிடிக்கும். வண்டியின் பாரத்தை அது தாங்குமா என்பது அடுத்த கேள்வி. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் ரயர் வாங்க வந்தனீங்களோ, எனக்குச் சோதனை வைக்க வந்தனீங்களோ?"

சில்லில் சுற்றும் சங்கிலி வாங்கி வைத்தாலும் சட்டத்துக்குப் போதும் என்றார். சட்டத்துக்குப் போதும்தான். அதைப் பூட்டப் பனியில் முழங்காலில் நிற்க வேண்டும். என் முழங்கால்கள் ஒத்துக்கொள்ளா.

வீட்டில் குசினி மேசையடியில் இருந்து இணையத்தில் ரயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். நல்லது ஏதும் கண்டால் வாய்விட்டு வாசித்தேன். அடுப்படியில் மனைவி நின்ற காலத்துப் பழக்கம். கடைசியில் பனிப்பூவும் உள்ள, சேற்றுக்கும் உதவும் ஒன்றைக் கண்டு கராஜ்காரரிடம் சொல்லி வைத்தேன். அது வந்துசேரும்வரை நாட்கள் சுலபமாகப் போயின.

பூட்டிய அன்று, கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு வாருங்கள், நட்டுகளை மறுபடி இறுக்க வேணும் என்றார் கராஜ்காரர். நான் வண்டிக்குள் இருந்து மகளை அழைத்தேன். பனிப்பூவைச் சொன்னேன், கீறல்களைச் சொன்னேன், சட்டத்தையும் சொன்னேன். அவள், மற்ற அறையை மருமகன் வேலை செய்யும் இடமாக்கிவிட்டார் என்றாள். சோபாவில் படுப்பேன் என்றேன். அவருடைய தாய் தகப்பன் வருகிறார்கள் என்றாள். அவர்களைப் பார்த்தும் கனகாலம் என்றேன்.

பிறகு அவள் பிரெஞ்சில் சொன்னாள். எங்கள் மொழியில் அது இப்படி வரும்: "அப்பா, நீங்கள் தனியாக வந்து இறங்குவதை என்னால் பார்க்க முடியாது. அம்மா இல்லை என்பது அப்போதுதான் உண்மையாகும். இந்த வருடம் வேண்டாம்."

எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் இதற்கு மேன்முறையீடு இல்லை.

"சரி பிள்ளை. சாப்பிட்டியோ?" என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டாளாம்.

நட்டுகளுக்காக ஓடத்தானே வேண்டும். விமான நிலையப் பக்கம் நெடுஞ்சாலையில் போனேன். தார் காய்ந்து கிடந்தது. வெறும் வீதியில் அந்த ரயர்கள் இரைந்துகொண்டே வந்தன. வண்டிக்குள் வேறு சத்தம் இல்லை. விமான நிலையம் தாண்டித் திரும்பி வந்தேன்.

கராஜ்காரர் குனிந்து ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். எப்ப அண்ணை பயணம் என்று கேட்டார். அடுத்த வருடம் மாசியில் பார்ப்போம் என்றேன். பங்குனி முடியும்வரை மலையில் குளிர்காலம்தான், சட்டப்படி.