ஒன்பதாவது படம்

1. குழாயடி

கை கழுவும் நாள். காலையிலேயே வட்டாரக் கல்வி அலுவலரிடமிருந்து போன்: "பன்னெண்டு மணிக்குள்ள எட்டு போட்டோ வரணும். வரலேன்னா நடத்தலைன்னு எழுதிருவேன்."

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். பாடம் நடத்திக்கொண்டிருந்த அறிவியல் ஆசிரியை மாரிச்செல்வியைக் கூப்பிட்டு, "டீச்சர், பாடம் பொறவு பாத்துக்கலாம், மொதல்ல போட்டோ" என்றேன்.

பிள்ளைகளைக் குழாயடியில் நிறுத்தி, தன் சொந்தப் போனில் படம் எடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினார். அதில் பெற்றோர்களும் உண்டு. 11.42-க்கு ஒன்பது படங்கள் வந்தன. ஒன்பதாவதில் டீச்சரே இருந்தார். முடியை அவிழ்த்துவிட்டு, கணவரின் பட்டாளப் பனியனைப் போட்டுக்கொண்டு, உதட்டைக் குவித்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். கணவர் ராணுவத்தில், எல்லையில் இருந்தார். 11.44-க்குப் படத்தை டீச்சர் அழித்துவிட்டார்.

எதையும் நேரத்தோடு குறித்துவைப்பது என் வழக்கம். அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன். நாளைக்கு ஆபீஸில் கேட்டால் காட்ட வேண்டுமே என்றுதான் அப்போது நினைத்தேன்.

2. மனு

மறுநாள் ஒன்பதரைக்கு, குழு உறுப்பினர் ராமர் ஐந்து கையெழுத்தோடு மனு கொண்டுவந்தார். அவர் மகன் ஏழாம் வகுப்பு.

"இவியகிட்ட எங்க பிள்ளைக என்னத்த சார் படிக்கும்? மாத்திருங்க."

"தெரியாம வந்த படம் ராமர்."

"வந்தது தெரியாமத்தான். எடுத்தது தெரிஞ்சுதான எடுத்தாவ?"

மனுவை வாங்கி நேரம் குறித்தேன்.

அலுவலரிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமை குழுவக் கூட்டுங்க. தீர்மானம் போட்டா படத்தையும் இணைச்சு அனுப்புங்க, செவன்டீன் பி போட்டுருவோம். படம் இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு சார்" என்றேன்.

செவன்டீன் பி என்பது பெரிய குற்றச்சாட்டு. இன்கிரிமென்ட் நிற்கும், தூரத்துக்கு மாறுதல் வரும். டீச்சருக்கு ராஜபாளையம் வீட்டில் ஆறு வயது மகளும் படுத்த படுக்கையாக மாமியாரும் இருந்தார்கள். மாறுதல் வந்தால் வேலையை விடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

3. வெள்ளிக்கிழமை

மதியம் டீச்சர் விளக்கக் கடிதத்தோடு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"நேத்துதான் சார் சிக்னல் கெடைச்சுது. 'ஊருக்கெல்லாம் வந்திருச்சு, எனக்கு மட்டும் இன்னும் வரலியே'ன்னு சிரிக்காவ." அவரும் சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்த நேரம் கழிச்சு ஒண்ணு கேட்டாவ சார். 'அது இப்ப யாரு யாரு போன்லலாம் இருக்கு?'ன்னு."

என் சட்டைப் பையில் இருந்தது. போனை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இதுல இருக்கு டீச்சர்."

"எதுக்கு சார்?"

"ரெக்கார்டுக்கு" என்றேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை என் காதுக்கே நன்றாக இல்லை. "நீங்களே அழிச்சிருங்க" என்று போனைத் திறந்து கொடுத்தேன். அழித்துவிட்டுத் திருப்பித் தந்தார். நன்றி சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

மூன்று மணிக்குக் கூட்டம். ராமர் மனுவை வாசித்தார். நான் எழுந்தேன். "படத்த இணைக்கணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. நான் வச்சிருந்தது தப்பு. டீச்சர் கையால அழிச்சாச்சு. வேற யாராவது வச்சிருந்தா குடுங்க, பேர் எழுதி வாங்கிக்கிறேன்."

குழுத் தலைவி பேச்சியம்மாள், பஞ்சாலையில் வேலை செய்பவர், ராமர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏலே ராமரு, ஒங்கிட்ட இருக்கா?"

"எங்கிட்ட எதுக்கு மதினி இருக்கும்?"

"பொறவு பனியன்ல என்ன எழுதியிருக்குன்னு நேத்து டீக்கடையில எப்பிடிலே சொன்ன? ரெண்டு நிமிசத்துல அம்புட்டையும் வாசிச்சிட்டியாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தப் பிள்ளை புருசனுக்கு எடுத்த படம்லே. ஒன் பொண்டாட்டி ஒனக்கு ஒண்ணு எடுத்தா டீக்கடையில காட்டுவியா? எடு போன."

ராமர் அங்கேயே அழித்தார். மனுவை முன்மொழிகிறவர் யார் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. அப்படியே குறிப்பேட்டில் எழுதினேன்.

அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இணைப்பு எதுவும் வைக்கவில்லை. பள்ளிக்கென்று போன் இல்லை, என் அவசரத்துக்காகத்தான் ஆசிரியை சொந்தப் போனை எடுத்தார், பொறுப்பு என்னுடையது என்று எழுதினேன். மெமோ எனக்கு வந்தது. டீச்சர் அதே பள்ளியில் இருந்தார்.

இப்போது தலைமை ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பள்ளிக்கென்று ஒரு போன் வாங்கி வையுங்கள். அதற்கு மேல் நான் கற்றுக்கொண்டது, அந்த மதியம் டீச்சர் என் போனைக் கையில் வைத்திருந்த அரை நிமிடத்தில். அந்தப் படத்தை ஒட்டி, இறந்துபோன என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் நான் எடுத்த படங்கள் இருந்தன. டீச்சரின் விரல் ஒரே ஒரு படத்தைத் தொட்டது. அழித்த உடனே திரையை அணைத்து, போனைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளிவைத்தார்.