சின்னமாமாவின் விமானத்துக்குக் கம்பி தேடியது

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சின்னமாமாவிடம் உடுத்த உடுப்பும் ஒரு மட்டைப் பெட்டியும்தான் இருந்தன. பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகளாக ஒரு பழங்கால விமானம். மேலே ஒரு செட்டை, கீழே ஒரு செட்டை என்று அடுக்கு இறக்கைகள். உயிர் தப்பி ஓடுகிறவன் தூக்கிவரும் சாமானா இது என்று அம்மா தன் தம்பியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் யாருடனும் கதைக்கவில்லை. அச்சுவேலி வீட்டு விறாந்தையில் இருந்து துண்டுகளை ஒட்டிக்கொண்டேயிருந்தார். விமானம் முடிந்தால் மாமா பழையபடி சிரிப்பார் என்று ஏழு வயதில் நான் உறுதியாக நம்பினேன்.

ஒட்டு வேலை முடிந்தது. ஆனால் இரண்டு செட்டைகளுக்கும் இடையே இழுத்துக் கட்டுகிற கம்பிகள் பெட்டியில் இல்லை. அதைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். தையல் நூல் கொடுத்தேன். பூனைவால் போலச் சிலும்பி நின்றது. பழுதான வானொலியிலிருந்து செப்புக் கம்பி உருவிக் கொடுத்தேன். ஒருமுறை மடிந்த இடம் பிறகு நிமிரவேயில்லை. கடைசியில், தொண்டைமானாற்றிலிருந்து வரும் மீன்காரரிடம் கெஞ்சி, தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பு வாங்கினேன். மாமா புளியங்கொட்டை அளவு விமானிப் பொம்மையைத் தூக்கிக் காட்டினார்.

"உவனுக்கு உது கிணத்துக் கயிறு, பிள்ளை."

வந்த பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் வசனம் அது. எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

அப்பாவின் தங்கை, எனக்கு மாமி, இன்னும் கல்யாணமாகாமல் எங்களோடுதான் இருந்தாள். முழங்காலைத் தொடும் கூந்தல். சீப்பில் வரும் மயிரை விரலில் சுற்றி, மூன்று தரம் துப்பி, வேலியோரம் புதைப்பாள். எவர் கையிலாவது அகப்பட்டால் செய்வினை செய்துவிடுவார்களாம். தங்கூசியைவிட மெல்லியது அதுதான் என்று நான் அதைத் தோண்டியெடுத்து, கழுவி, மாமாவிடம் நீட்டினேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. எனக்குப் பேனுக்காக அடித்த மொட்டை. அம்மாவுக்குச் சுருள் மயிர். கேட்க என்ன இருக்கிறது?

ஒரு பக்கச் செட்டை முழுவதற்கும் ஒரே மயிர் போதுமாக இருந்தது. ஊசித் துளைகளில் கோத்து, இழுத்து, நுனியில் ஒரு துளி பசை. தொய்வு என்ற பேச்சே இல்லை. கடைசி முடிச்சுக்கு மாமா சீட்டி அடித்தார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அம்மா வந்தாள்.

"உது ஆரின்ரை தலைமயிர்?"

என் முகமே சொல்லிவிட்டது.

"குமர்ப்பிள்ளையின்ரை மயிர் ஆம்பிளையின்ரை கையிலையோ? முழுக்கக் கழட்டு. அடுப்பிலை போடவேணும்."

மாமா கத்தரிக்கோலை எடுத்தார். மறுபடி அந்தப் பழைய முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அழுகைக்கு மாமி ஓடிவந்தாள். குனிந்து விமானத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"பொறுங்கோ மச்சாள். வால் பக்கம் இன்னும் ஒண்டு குறையுது."

பின்னலை அவிழ்த்து, ஒற்றை மயிரைச் சுண்டிப் பிடுங்கி, மாமாவிடமே நீட்டினாள். அவர் அதை வாங்கி வால் பக்கத் துளையில் கோத்தார். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

அடி தப்பிய சந்தோசத்தில் நான் முற்றத்தைச் சுற்றி ஓடினேன். பின்னேரம் மாமியிடம் எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்: பிடுங்கியபோது நொந்ததா?

"ஓம், நொந்தது" என்றாள், சிரித்துக்கொண்டு.