கதிர்காமத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளியவர்கள்

வெறும் வயிற்றில் பிளேன் டீயோடு விழுங்கிய அந்த வெள்ளை மாத்திரை... இன்றைக்கும் பால் இல்லாத இஞ்சி டீயைக் கண்டால் அந்தக் கசப்பு தொண்டையில் வந்து நிற்கிறது.

கொழும்பில் ஒரு சின்ன லாட்ஜ். வெளியே கடல் இரைச்சல். உள்ளே நான் கட்டிலில் உட்கார்ந்து, அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எதற்கு மாத்திரை என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆண்களுக்காகச் சொல்கிறேன். கோயிலுக்குப் போகிற நாளில் வந்துவிடக் கூடாதே என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும்.

மூன்றரை வயது வரை என் மகளுக்குப் பேச்சு வரவில்லை. பேசினால் கதிர்காமம் வந்து தட்டு எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டியிருந்தேன். பழமும் பூவும் நிறைத்த தட்டைத் தலையில் சுமந்து போய்க் கொடுப்பது அங்கே வழக்கம். பேசிவிட்டாள். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் அவளைக் கோவண்டியில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நாங்கள் நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, அக்காவின் கணவர். அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். தாராவியில் அவர்களுக்குத் தோல் பை செய்கிற பட்டறை. டிக்கெட் போட்டவர்கள் அவர்கள், அதனால் வாயும் அவர்களுடையது.

நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். ஆனால் நாள் கணக்கு எனக்குத் தப்பாது. வியாழக்கிழமை கதிர்காமம், வெள்ளிக்கிழமை பிளைட். வியாழன் ராத்திரி வரைக்கும் மாத்திரை எண்ணி எடுத்து வந்திருந்தேன்.

புதன் சாயங்காலம் ஏஜென்ட் போன் பண்ணினார். வெள்ளிக்கிழமை பிளைட் கேன்சல், இனி திங்கட்கிழமைதான்.

மதினிக்கு ஒரே குஷி.

"மூணு நாள் சும்மா கெடைச்சிருக்கு! நாளைக்கே நுவரெலியா போவோம். கண்டில சேலை பாப்போம். கோயில் எங்க ஓடிப் போவுது? ஞாயித்துக்கெழம போயி கும்பிட்டுட்டு அப்படியே பிளைட்டப் பிடிப்போம்."

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

என்னை யாரும் கேட்கவில்லை. அண்ணன் முன்னால், அதாவது மதினி கணவர் முன்னால், நான் எப்படிச் சொல்வேன்?

ரூமுக்கு வந்ததும் அட்டையை என் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துச் சொன்னேன். "மாத்திரை நாளையோட முடியுது. கோயில மொதல்ல வைக்கச் சொல்லுங்க."

"இதப் போயி அத்தான்ட்ட எப்படிச் சொல்ல? மூணு நாள்தானே, தாங்கும்."

"அப்ப மாத்திரையாவது வாங்கிட்டு வாங்க."

"தெரியாத ஊர்ல, டாக்டர் சீட்டு இல்லாம எவன் குடுப்பான்? தூங்கு."

நானே போயிருப்பேன். கையில் இலங்கைக் காசு ஒரு ரூபாய் கிடையாது.

காலையில் மதினியைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். அவர்களுக்கு அதெல்லாம் நின்று வருஷக்கணக்காகிவிட்டது. சிரித்தார்கள்.

"ஏட்டி, இவ்வளவு விரதம் இருக்க. முருகன் மேல நம்பிக்கை இருந்தா வராதுட்டி."

அன்று ராத்திரியோடு மாத்திரை தீர்ந்தது.

நுவரெலியாவில் அவர்கள் ஸ்ட்ராபெரி தின்றார்கள், பூச்செடி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். நான் மணிக்கொரு தரம் பாத்ரூம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகா, ஒரு நாள்... ஒரே ஒரு நாள்...

ஞாயிறு காலை, கதிர்காமத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, ஓடுகிற வேனில் வந்துவிட்டது.

மதினி என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். "நம்பிக்கை பத்தலையோ என்னமோ. சரி, தட்ட நான் எடுத்துட்டுப் போறேன். யாரு எடுத்தா என்ன?"

நான் தேர்ந்து தேர்ந்து வாங்கிய பழம், நான் கட்டிய பூ. அதை மதினி தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் தாண்டிப் போவதை வேன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

"நீங்க போகேல்லையாம்மா?" என்று டிரைவர் கேட்டார்.

"தலைவலி" என்றேன்.

பூஜை மணி மட்டும் கேட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து கும்பிடக்கூடப் பயந்து கையை மடியில் பூட்டி வைத்திருந்தேன். திரும்பி வந்த மதினி விபூதிப் பொட்டலத்தை என் கையில் தரவில்லை. முன் சீட்டில் வைத்துவிட்டு, "ஊருக்குப் போயி எடுத்துக்கோ" என்றார்கள்.

இருபது வருஷம் ஆகப்போகிறது. நாங்கள் செம்பூருக்கு வந்தாச்சு. மகள் வேலைக்குப் போகிறாள். எனக்கும் அந்த நாள் கணக்கெல்லாம் முடிந்துவிட்டது. நினைத்த அன்று குளித்துவிட்டுக் கோயில் படி ஏறுகிறேன்.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது மலேசியா போகிற பேச்சு. திரும்பி வர டிக்கெட் இரண்டு நாள் தள்ளித்தான் கிடைத்திருக்கிறது. அந்த இரண்டு நாளை என்ன செய்வது என்று லேப்டாப்பும் கையுமாக இவர்.

மகள் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே சொல்கிறாள். "பப்பா, எனக்கு பதினேழாம் தேதி பீரியட்ஸ். பத்துமலை கோயில மொதல் நாளே வச்சிடுங்க. ஷாப்பிங் எல்லாம் பாத்மே, அப்புறம் பாத்துக்கலாம்."

இவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சரிம்மா, மாத்திட்டேன்."

அவ்வளவுதான். பருப்பு ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் மகளுக்கு அந்த நிலைமை இல்லையே என்று. கோபம்தான் வந்தது. இவ்வளவு லேசான காரியமா இது? இதே மனுஷன்தானே?

மகள் எழுந்து போன பிறகு கேட்டேன். "அன்னைக்கு ஏன் இது உங்க வாயில வரல?"

"என்னைக்கு?"

கதிர்காமம் என்றேன். "நீ சொல்லியிருந்தா மாத்தியிருப்போம்லா" என்றார்.

அட்டையைக் கையில் கொடுத்துச் சொன்னவள் நான். இவருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானமாக, "சரி விடு. எல்லாம் முருகன் செயல்" என்றார்.

"முருகன இதுல இழுக்காதீங்க. அவன் இருந்த எடத்துலதான் இருந்தான். வேன வேற பக்கம் திருப்புனது நீங்க" என்றேன்.